பகலில் ஒதுங்கும் இடம்

மணலியைப் பற்றிய நினைவுகள் வாசனையில்தான் தொடங்கும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடக்கூடிய ஊர் அது. 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் உருவாகி, 1969இல் கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு தொடங்கியது. பக்கத்திலேயே உர ஆலை எழுந்தது. எண்பதுகளிலும் அதற்குப் பிறகும் பெட்ரோகெமிக்கல் ஆலைகள் வரிசையாகச் சேர்ந்தன. ஊர்க்காரர்கள் பழங்கதை பேச உட்கார்ந்தால் புகைபோக்கியும், ஷிப்ட் மாறும் சங்கும், இரவெல்லாம் எரியும் ஃபிளேர் நெருப்பும் கட்டாயம் வந்துவிடும். எல்லாமே அண்ணாந்து பார்த்த நினைவுகள். குனிந்து பார்த்தால் கிடைக்கிற மணலி ஒன்றும் உண்டு. வயல்கள் போய்த் தொழிற்பேட்டை வந்த பிறகும் சின்னசேக்காட்டிலும் மாத்தூரிலும் சடையங்குப்பத்திலும் வீட்டுக்குப் பின்னால் மண் தரையோடு கொல்லை மிச்சமிருந்தது. கிணற்றடி, துவைகல், வாழைக்கன்றுகள், ஓட்டை மாற்றியபோது ஒதுக்கி வைத்த பழைய ஓடுகள், தண்ணீர் பிடித்து வைக்கும் தகர டிரம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் அந்தக் கொல்லைகளில் இரவு நேரத்தில் ஓடில்லா நத்தைகள் ஊர்ந்தன. ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம், கறுத்த தட்டையான உடல், முதுகின் நடுவே வெளிறிய ஒரு கோடு. இந்தியா முழுவதும் பரவிக் கிடக்கும் லேவிகௌலிஸ் ஆல்ட்டே என்ற இனம் இது. பலரும் இதை அட்டை என்றே நினைத்துப் பயந்தார்கள். ரத்தம் உறிஞ்சுகிற வேலையெல்லாம் இதற்குக் கிடையாது.

இந்த உயிரைப் பற்றி ஊர் நினைவில் தங்கியிருப்பது அதன் இரவுப் பாதி மட்டுமே. விளக்கைப் போட்டதும் குளியலறைச் சுவரில் தென்பட்டது, காலையில் வாசற்படியில் காய்ந்து மின்னிய தடம், கண்டவுடன் அடுக்களையிலிருந்து அள்ளி வந்த கல்லுப்பு. பகலெல்லாம் அது எங்கே கிடக்கிறது என்ற கேள்வி எழுந்ததில்லை. இரவில் வெளியே வருவதுதான் அதன் வாழ்க்கை, பகலில் கிடப்பது வெறும் தூக்கம் என்று நாம் கணக்குப் போட்டுவிட்டோம். அந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் வாதம். ஓடில்லா நத்தை பகலில் எங்கே ஒதுங்குகிறதோ அந்த இடமே அதன் இரவைத் தீர்மானிக்கிறது. எத்தனை நேரம் வெளியே இருக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம், எந்த வீட்டுக்குள் நுழைய நேரிடும் என்பதெல்லாம் ஒதுங்கிடத்தைப் பொறுத்தவை. இதைப் புரிந்துகொண்டால் நத்தை மட்டுமல்ல, அது வாழ்ந்த கொல்லையும் புதிதாகத் தெரியும்.

முதல் சான்று அதன் உடலே. எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் திறன் அதன் தோலுக்கு மிகக் குறைவு. நகர வேண்டுமானால் சளி சுரக்க வேண்டும், சளியில் பெரும்பகுதி தண்ணீர். ஊர்வது, மூச்சு விடுவது, தின்பது என்று எதைச் செய்தாலும் ஈரம் செலவாகிறது. இதே கொல்லையில் மழைக்காலத்தில் திரியும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்த அந்த நத்தையை 1847இல் வில்லியம் பென்சன் கல்கத்தாவில் விட்டார். அங்கிருந்து அது நாடெங்கும் பரவியது. வறட்சி வந்தால் அது ஓட்டுக்குள் சுருங்கி, வாயில் ஒரு சவ்வை உலரவிட்டு அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். தன் ஒதுங்கிடத்தை அது முதுகிலேயே சுமக்கிறது. ஓடில்லாத நத்தைக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு வேண்டிய கூரையை ஊர்தான் கொடுக்க வேண்டும். ஓடு இல்லாததால் அதற்கு லாபமும் உண்டு. ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்புச் சத்துக்கு அலைய வேண்டாம். தன் உடலைவிடக் குறுகிய வெடிப்புக்குள் நெளிந்து புகலாம். மணலியில் காணும் இனத்துக்கு இன்னொரு சேமிப்பும் உண்டு. வளர்ந்த பிறகும் அதன் பாதம் நாலைந்து மில்லிமீட்டர் அகலம்தான். தரையில் படுகிற பரப்பு குறைவதால் சளிச் செலவும் குறைகிறது. ஓய்வில் இருக்கும்போது உடலை உருட்டிக்கொண்டு காற்று படும் பரப்பையும் குறைக்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு எளிமையானது. அது வெளிச்சத்துக்குப் பயப்படும் பிராணி, சூரியன் வந்தால் ஒளிகிறது, போனால் வருகிறது, இதில் ஒதுங்கிடத்தைப் பற்றி ஆராய என்ன இருக்கிறது? இப்படி நினைப்பது இயல்பு, ஆனால் சோதனைகள் வேறு சொல்கின்றன. இங்கிலாந்தில் டெயின்டன் என்ற ஆய்வாளர் 1954இல் வெளியிட்ட ஆய்வுகளில், அந்நாட்டு வயல் நத்தைகளைக் கிளப்பிவிடுவதில் வெப்பநிலை மாற்றத்துக்கே பெரும் பங்கு இருப்பதைக் காட்டினார். 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வெப்பம் மெல்ல இறங்கத் தொடங்கினால் அவை நடமாடத் தொடங்கின. மிகச் சிறிய இறக்கம்கூடப் போதுமானதாக இருந்தது. எழுபதுகளில் வேறு இனங்களை வைத்து நடந்த ஆய்வுகள் அவற்றுக்குள் ஒரு கடிகாரம் ஓடுவதைக் காட்டின. தொடர்ந்து இருட்டிலேயே வைத்தாலும் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று நடமாட்டமும் ஓய்வும் மாறி மாறி வந்தன. வெளிச்சம் அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது. முள்ளை நகர்த்துவது அதுவல்ல. இன்னும் நேரடியான சான்று ஜெர்மனியிலிருந்து வந்தது. இருண்ட வானத்துக்காகப் பாதுகாக்கப்படும் பகுதி ஒன்றில் தெருவிளக்குகளை நட்டுச் செய்த சோதனையின் முடிவு 2018இல் வெளியானது. விளக்கு எரிந்த இடங்களில் ஓடில்லா நத்தைகள் குறையவில்லை, கூடின. ஃபிளேரின் செம்மஞ்சள் ஒளி மழைமேகத்தில் பட்டுத் திரும்பிக் கொல்லையெல்லாம் மங்கலாகத் தெரிந்த மணலி இரவுகளிலும் நத்தைகள் தயங்காமல் திரிந்தன. சி ஷிப்ட் எனும் இரவு வேலை முடிந்து விடியலில் வீடு திரும்பியவர்கள் எல்லோருக்கும் அந்தக் காட்சி பழக்கம். நத்தை விடியலில் ஓடி ஒளிவது ஒளிக்கு அஞ்சி மட்டுமல்ல. ஒளிக்குப் பின்னால் வரப்போகிற உலர்ந்த காற்றுக்கு முன்கூட்டியே இடம் பிடிக்கிறது.

இங்கிலாந்தின் கணக்கை அப்படியே சென்னைக்குப் பொருத்தவும் முடியாது. 20 டிகிரியை ஒட்டி வெப்பம் இறங்குவது இங்கே மார்கழி, தை இரவுகளில்தான். ஓடில்லா நத்தைகள் பெருகித் தெரியும் ஐப்பசி இரவுகளில் வெப்பநிலை 24, 25 டிகிரியில் நிற்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழையின் நத்தையை வெளியே இழுப்பது குளிர்ச்சி மட்டுமாக இருக்க முடியாது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நகரில் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த வாரங்களில் தரை முழுவதும் ஈரமாக இருப்பதால் ஒதுங்கிடம் எங்கும் கிடைக்கும். நத்தை தன் கிடப்பிடத்தை விட்டுத் தூரமாகப் போகலாம், விடிந்த இடத்தில் ஒரு சருகுக்கு அடியில் தங்கிக்கொள்ளலாம். சித்திரையில் அதே உயிருக்கு அதே கொல்லையில் கிணற்றடியின் கல்லுக்கு அடியிலும் மண்ணுக்குள்ளும் மட்டுமே இடம். மழைக்காலத்தில் நத்தை பெருகுகிறது என்று நாம் சொல்வதில் பாதி மட்டுமே உண்மை. முட்டை பொரித்துப் பெருகுவது ஒரு பங்கு, முன்பே மண்ணுக்குள் இருந்தவை கண்ணில் படத் தொடங்குவது மறு பங்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பார்ன்ஸும் அவருடன் வைல் என்பவரும் இரவுகளில் விளக்கோடு தோட்டங்களில் நத்தை பொறுக்கி எண்ணிய ஆய்வு 1944, 1945இல் வெளியானது. அதற்குப் பின்னால் மண்ணைத் தோண்டிக் கழுவி எண்ணியவர்கள், தரைக்கு மேலே தெரிபவை மொத்தத்தில் ஒரு பங்குதான் என்று கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத பெரும்பான்மை எந்நேரமும் ஒதுங்கியே இருக்கிறது.

ஒதுங்கிடத்தை அது தேர்ந்தெடுக்கிறதா, தற்செயலாகக் கிடைத்ததில் போய் விழுகிறதா? இவ்வளவு எளிய பிராணிக்குத் தேர்வு என்ற சொல்லைப் பயன்படுத்துவது மிகை என்று ஒருவர் சொல்லலாம். ஆலன் கெல்பரின் 1974இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். லைமாக்ஸ் மேக்சிமஸ் என்ற பெரிய தோட்ட நத்தை இரவெல்லாம் திரிந்துவிட்டு விடியலில் தன் பழைய ஒதுங்கிடத்துக்கே திரும்புகிறது. வந்த தடத்தைத் தொட்டுத் தொட்டுப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம்கூட அதற்கு இல்லை, காற்றில் வரும் வீட்டு வாசனையைப் பிடித்து வருகிறது. மோப்பத்துக்கான நரம்பை அறுத்துவிட்டால் வழி தவறிவிடுகிறது. கண் இருந்தும் அதை நம்பாமல் வாசனையை நம்பி வீடு சேருகிற உயிர். அது வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய இனம் என்பதையும், மணலி இனத்துக்கு அதே அளவுத் திறமை இருப்பதாக இதை வைத்து நிரூபிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நினைவில் ஒன்று உறுதியாக நிற்கிறது. துவைகல்லுக்கு அடியில் அவை இருந்தன. பக்கத்திலேயே அதே அளவு கல் வெயிலில் கிடந்தாலும் அதன் அடியில் இருந்ததில்லை. வாழைக் கட்டையின் வேர்ப்பக்கத்தில் இருந்தன, மேல்பக்கத்து மட்டையில் அரிது. டிரம்முக்கு அடியில், தண்ணீர் கசிந்த ஓரத்தில் இருந்தன. தற்செயல் என்றால் இந்த ஒழுங்கு வந்திருக்காது. நினைவைச் சான்றாக வைக்கலாமா என்று கேட்பவர்களுக்குச் சொல்வது இது: தனியொரு நாளின் நினைவு ஏமாற்றும். ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே உயிரைப் பார்த்த ஒரு தெருவின் பழக்கம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

ஒதுங்கிய பிறகு நத்தை அங்கே சும்மா கிடப்பதும் இல்லை. இதுதான் என் வாதத்தின் முக்கியமான கண்ணி. இரவில் இழந்த நீரைப் பகலில் அது திரும்பப் பெறுகிறது. டேவிட் பிரையர் எண்பதுகளில் செய்த சோதனைகளில், உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீரை இழந்த நத்தைகள் ஈரப் பரப்பைக் கண்டதும் பாதத்தைத் தட்டையாகப் பரப்பி அசையாமல் கிடந்தன. வாயால் குடிக்காமல் பாதத்தின் தோல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டன. போதும் என்ற அளவு வந்ததும் எழுந்து நகர்ந்தன. பார்ப்பவருக்கு அது தூக்கம்போலத் தெரியும், நடப்பது நீர் நிரப்பும் வேலை. ஆந்தனி குக் 1981இல் எழுதிய ஆய்வு கூட்டமாகக் கிடப்பதன் பயனைக் காட்டுகிறது. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் நத்தைகள் தனியாகக் கிடப்பவற்றைவிடக் குறைவாக நீரை இழக்கின்றன. ஈரத்துணியைப் பிழியாமல் சுருட்டிப் போட்டால் உள்மடிப்பு மறுநாளும் காயாது, அதே கதைதான். துவைகல்லைப் புரட்டினால் ஒன்றிரண்டாக இல்லாமல் கொத்தாகக் கிடந்ததற்கு அருவருப்பைத் தவிர வேறு விளக்கம் எவரும் தேடவில்லை. அந்தக் கொத்து அவற்றின் தண்ணீர்த் தொட்டி.

நத்தை வீட்டுக்குள் வந்துவிட்டது என்ற புகாரையும் இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். மணலி வட்டாரம் கொசஸ்தலையாற்றின் கடைமடை. பூண்டி நீர்த்தேக்கத்தில் உபரிநீர் திறந்தால் மணலி புதுநகருக்கும் சடையங்குப்பத்துக்கும் தண்ணீர் வரும். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. வெள்ளம் இல்லாத ஆண்டுகளிலும் நாலு நாள் அடைமழையில் கொல்லை மண் ஊறி நிரம்பிவிடும். மண்ணுக்குள் இருந்த காற்றுப் பொந்துகளெல்லாம் தண்ணீரால் அடைபடும்போது நத்தை மேலே ஏறித்தான் ஆக வேண்டும். சுவர் அதற்கு உயரமான கல், குளியலறை நிரந்தர ஈரமுள்ள பொந்து. படையெடுத்து வந்ததாக நாம் நினைத்தது உண்மையில் இருப்பிடம் இழந்து ஒதுங்கியது. அந்த நேரத்தில்தான் உப்பு வரும். எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்கள் பக்கத்திலேயே இருந்த வட்டாரத்தில் கல்லுப்புக்குப் பஞ்சமில்லை. உப்பு பட்டதும் உடலின் நீர் தோல் வழியே வெளியே இழுக்கப்படுகிறது, தடுக்கச் சளியைக் கொட்டிக் கொட்டி மேலும் நீரை இழந்து சாகிறது. மெதுவான, வதையான சாவு. எனக்கு இதில் இரண்டு ஆட்சேபம். வதை என்பது ஒன்று. ஒதுங்கிடம் அப்படியே இருக்கும்போது ஒன்றைக் கொல்வதால் மறுநாள் இன்னொன்று வருவது நிற்காது என்பது மற்றது.

கனமான மறுப்புகள் இரண்டு உண்டு, அவற்றை ஒதுக்க முடியாது. லேவிகௌலிஸ் இந்த மண்ணின் உயிரல்ல, ஆப்பிரிக்காவிலிருந்து பரவியதாகக் கருதப்படுவது, செடிகளைத் தின்பது, அதற்கு ஏன் பரிந்து பேச வேண்டும் என்பது ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரியெல்லா டுஸ்ஸுமியெரி போன்ற நம் சொந்த இனங்கள் காட்டின் ஈரத்தை நம்பி வாழ்கின்றன, பரிவு அவற்றுக்கே முதலில் போக வேண்டும் என்பதை ஏற்கிறேன். நான் கேட்பது பரிவுகூட அல்ல, கவனம். வந்தேறியாக இருந்தாலும் ஒதுங்கிடத்தின் விதி அதற்கும் அதேதான். இரண்டாவது மறுப்பு நோய். எலியின் நுரையீரலில் வாழும் ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கான்டொனென்சிஸ் என்ற புழு 1935இல் சீனாவின் கான்டனில் அறியப்பட்டது. மும்பை வட்டாரத்தில் எலிகளிலும் நத்தை இனங்களிலும் அது இருப்பது 1982இல் பதிவாயிற்று. எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குப் போகும் இந்தப் புழு, நத்தையையோ நத்தை ஒட்டிய கீரையையோ பச்சையாகத் தின்றால் மனிதனின் மூளைச் சவ்வைத் தாக்கும். ஆகவே வெறுங்கையால் தொடக்கூடாது, குழந்தைகளை விளையாட விடக்கூடாது, கொல்லைக் கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்தே உண்ண வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சங்கிலியின் தொடக்கம் எலி, எலிக்குத் தொடக்கம் அள்ளப்படாத குப்பை. நத்தை மட்டும் சாவதால் சங்கிலி அறுந்துவிடாது.

நத்தை இருந்தால் கொல்லை நன்றாக இருக்கிறது என்று சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் கடுமையாக மாசடைந்தவை என்று அறிவித்த 43 தொழிற்பகுதிகளில் மணலியும் ஒன்று. அந்த ஆண்டுகளிலும் மழையில் நத்தைகள் வந்தன. காற்றைப் பற்றியோ நிலத்தடி நீரின் தரத்தைப் பற்றியோ அவை எதுவும் சொல்வதில்லை. கசியும் சாக்கடைக் குழாயும் அவற்றுக்கு நல்ல ஒதுங்கிடமே. அவை சொல்வது மூன்றைத்தான்: இங்கே ஈரம் நிற்கிறது, நிழல் இருக்கிறது, புகுந்துகொள்ள இடுக்கு இருக்கிறது. அந்த மூன்றும் ஒருசேர மறைந்த கொல்லைகளை இன்று தெருவுக்குத் தெரு பார்க்கலாம். கிணறு மூடப்பட்டு, துவைகல்லின் இடத்தில் வாஷிங் மெஷின் வந்து, சுவருக்குச் சுவர் சிமென்ட்டும் பேவர் பிளாக்கும் போட்டாகிவிட்டது. தரையை அடைத்ததில் நத்தை போயிற்று என்று யாரும் வருந்த வேண்டாம், நானும் வருந்தவில்லை. ஆனால் நத்தைக்குப் பொந்தாக இருந்த அதே மண்துளைகள்தான் மழைநீருக்கும் வழியாக இருந்தன. 2003இல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு நகரமே வரிசையில் நின்ற 2019 கோடையில், கொல்லையை முழுக்க மெழுகிவிட்டு ஒரு மூலையில் குழி தோண்டிக் குழாய் இறக்கிய வீடுகள் எத்தனையோ இருந்தன. குழிக்கு வெளியே இருந்த மண் முழுவதும் முன்பு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கீரைப் பாத்தியைக் காப்பாற்றியே ஆக வேண்டியவர்களுக்கும் வழி ஒதுங்கிடத்தில்தான் இருக்கிறது. நத்தைத் தொல்லைக்கு வேளாண் துறையினர் பரிந்துரைக்கும் எளிய முறைகளில் ஒன்று ஈரச் சாக்கு. மாலையில் கோணியை நனைத்துப் பாத்தி ஓரம் விரித்துவைத்து, காலையில் வெயில் ஏறுவதற்குள் புரட்டினால் அடியில் சேர்ந்திருப்பவற்றைக் குச்சியால் தள்ளி அகற்றிவிடலாம். சாக்கில் தின்பதற்கு எதுவும் இல்லை. பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ அடியில் போட்டால் கூடுதலாக வரும், போடாவிட்டாலும் வரும். விடியலில் அவை தேடுவது இரையை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை. சாக்கு நடு இரவில் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். காய்ந்தால் அவை அதைக் கடந்து சுவரடி வெடிப்புக்குப் போய்விடும்.